கோல்கொண்டாவின் கடற்கரை

ஹைதராபாத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எத்தனையோ சௌகரியங்கள் வாய்த்திருந்தாலும், சமுத்திரம் என்ற ஒன்று மட்டும் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து அடியோடு விலகிப் போய்விடுகிறது. ஹுசேன் சாகர் கரையில் மாலையில் உலாவலாம். தக்காணத்துப் பாறைகளின் அழகில் மனம் லயிக்கலாம். ஆயினும் காவேரிக் கழிமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கும் என் மனைவிக்கும் உப்புக்காற்றின் மேல் உள்ள தாபம் வருஷந்தோறும் தலைதூக்காமல் இருந்ததில்லை. பிள்ளைகள் படிப்பென்றும் உத்தியோகமென்றும் அவரவர் வழியில் போய்விட்ட பிறகு, நாங்கள் இருவர் மட்டுமாகக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் சாவகாசமாகத் தங்கிவரலாமென்று யோசித்தபோது, சிநேகிதர் ஒருவர் மத்தியதரைக் கடலைச் சிபாரிசு செய்தார். கோடைக் கூட்டம் வடிந்த அக்டோபரில் கிரீஸின் நாஃப்பிலியோ, இத்தாலியின் கமோலி முதலிய சிறு துறைமுகங்களில் வாடகை இறங்கிவிடுமென்றும், கடல்நீரில் வெயிலின் வெதுவெதுப்பு இன்னும் மிச்சமிருக்குமென்றும் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பழைய துறைமுகம், கூட்டமில்லாத பருவம், அவசரமில்லாத இருவர் என்ற இந்த மூன்றும் கூடுவதற்குக் கிருஷ்ணா நதியின் முகத்துவாரமே போதுமென்று எனக்குத் தோன்றியது.

"நாலு ஊர் பார்த்தோம்னு சொல்லிக்கறதுக்காக நான் வரலை, ஒரே ஊர்ல தங்கி, தூங்கி எழுந்து, காலாற நடந்துட்டு வரணும்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அந்த நிபந்தனைக்கு மசூலிப்பட்டினம் மிகவும் பொருத்தமாக அமைந்தது.

கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்வது உசிதம். மத்தியதரைக் கரையில் குளிர்காலமே மழைக்காலம். இங்கோ ஐப்பசி கார்த்திகையில் புயலின் பயம் உண்டு, சித்திரை வைகாசியில் வெயில் தாங்காது. 1864 நவம்பர் முதல் தேதி இரவு கடல் ஊருக்குள் ஏறிவந்து, மசூலிப்பட்டினத்திலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 30,000 பேரைக் கொண்டுபோயிற்று. 1977 நவம்பரில் பக்கத்துத் திவிசீமையில் நேர்ந்த அழிவை இன்றும் பெரியவர்கள் கலங்கிய குரலில்தான் சொல்கிறார்கள். கார்த்திகை மாதத்திலும் மாக பௌர்ணமியிலும் ஸமுத்திர ஸ்நானத்துக்கு ஜனத்திரள் வந்து சேரும். சங்கராந்தி முடிந்து, மாக பௌர்ணமிக்கு முன் கிடைக்கும் நாட்களே நம்மைப் போன்றவர்களுக்கு உரியவை. காற்று இதமாக இருக்கிறது, விடுதிகளில் இடம் கிடைக்கிறது, கால்வாய்களிலும் தண்ணீர் ஓடுகிறது.

பீதரிலிருந்து புறப்பட்டு இரவில் செகந்திராபாத் வழியாக வரும் ரயில், காலையில் நம்மை மசூலிப்பட்டினத்தில் இறக்கிவிடுகிறது. உள்ளூர்க்காரர்கள் பந்தர் என்றே வழங்கும் அந்த ஊர், குதுப் ஷாஹி சுல்தான்களின் காலத்தில் கோல்கொண்டா ராஜ்யத்தின் பிரதான துறைமுகமாக விளங்கிற்று. டச்சுக்காரர்கள் 1605-லும் ஆங்கிலேயர்கள் 1611-லும் அங்கே பண்டகசாலை திறந்தார்கள். 1759-ல் கர்னல் ஃபோர்டு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கோட்டையைப் பிடித்தவுடன், ஹைதராபாத்தை ஆண்ட சலாபத் ஜங் அவ்வூரைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இச்சரித்திரத்தை அறிந்து அங்கே போகிற ஹைதராபாத்வாசிக்கு அது அயலூராகப் படுவதேயில்லை. டச்சுக் கல்லறைகளில் கருங்கல்லில் செதுக்கிய குலச்சின்னங்களை ஒரு காலை வேளையில் பார்த்துவிடலாம்.

எங்கள் மனத்தை முழுவதும் ஆட்கொண்டது, சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெடனா. கலம்காரித் துணிக்குப் பேர்போன அந்த ஊரில் ஒரு பட்டறையின் வாசலில் நாங்கள் நின்றதைக் கண்டு, உள்ளே வரச் சொன்னார்கள். கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்திய துணி, நீண்ட மேஜையின் மேல் விரிந்து கிடந்தது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்து எடுத்த கறுப்புச் சாயத்தில் தேக்குமர அச்சை ஒற்றி, முந்தின அச்சு முடிந்த இடத்தில் மயிரிழை பிசகாமல் வைத்து, முஷ்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி எடுத்தார் ஒரு முதியவர். அடுத்த அச்சை வைக்கையில் கோடு கோட்டோடு வந்து சேர்ந்துகொண்டது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரையே பதிக்கிறார்கள். அப்போது ஏறக்குறைய நிறமற்றிருக்கும் அந்த இடம், பிறகு சாயவேர் இட்ட செப்புக் கொப்பரையில் கொதிக்கும்போதுதான் செவ்வண்ணம் கொள்கிறது. ஓடுகிற நீரில் அலசினால்தான் மிகுதிச் சாயம் பக்கத்தில் படியாமல் கழியும் என்பதால், ஆட்கள் இடுப்பளவு கால்வாயில் நின்று துணியை நீரோட்டத்தில் விட்டுப் பிடிக்கிறார்கள். ஒரு துணி முடிவதற்கு எத்தனை கைகள், எத்தனை வெயில், எத்தனை தண்ணீர்! பாரசீகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறிய இந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே அந்தப் பகல் முழுவதும் கழிந்தது. அதைப் போன்ற விசிராந்தி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

மாலைகளில் மங்கினபூடிக் கடற்கரைக்குப் போவோம். அங்கே மணல் கறுப்பாகக் களிமண் போலிருக்கும். கடலில் வெகுதூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறுவதில்லையாகையால், நீச்சல் அறியாத என் மனைவியும் அச்சமின்றி இறங்கி நின்றாள். கரையிலிருந்து வட்டமான பந்தர் லட்டுகளை வாங்கிக்கொண்டு திரும்புவோம்; பொரித்த கடலைமாவை இடித்துச் சலித்து, வெல்லப்பாகும் நெய்யும் சேர்த்து மறுபடி இடித்துப் பிடிக்கும் அந்தப் பண்டத்தின் மென்மை, இடிப்பவரின் பொறுமையில் விளைவது.

2023 மே மாதம் புதிய துறைமுகத்தின் கட்டுமானம் அப்பக்கத்தில் தொடங்கியது. அதனால் அவ்வூராருக்கு ஜீவனம் பெருகுமானால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. பெடனாவின் கால்வாய் மட்டும் தெளிவாக ஓடவேண்டுமென்று மனமாரப் பிரார்த்திக்கிறேன்.

திரும்புகையில் ரயிலை விட்டுச் சாலை வழியாக விஜயவாடாவுக்குப் போவதையே நான் சிபாரிசு செய்வேன். வழியில் சற்று விலகிக் கூச்சிப்பூடி இருக்கிறது. கோல்கொண்டாவின் கடைசி சுல்தானான அபுல் ஹசன் தானாஷா மசூலிப்பட்டினம் நோக்கிப் பிரயாணம் செய்கையில் அங்கே தங்கி, பாகவதர்களின் ஆட்டத்தைக் கண்டு களித்து, அக்கிரகாரத்தையே அவர்களுக்கு மானியமாக அளித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சித்தேந்திர யோகியின் பெயரால் அமைந்த கலாபீடத்தில் சிறுமிகள் தாளத்துக்குக் காலெடுத்து வைப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டால், விஜயவாடாவில் மாலை ரயிலுக்குத் தாராளமாக நேரமிருக்கும்.