ஐப்பசியில் இழைத்தது, ஆனியில் விற்றது

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பூவத்தில் வெளிவேலை நின்றுவிடும். நடவு முடிந்த சம்பா தண்ணீருக்குள் நிற்கும். காளிக்குப்பத்திலும் மண்டபத்தூரிலும் படகுகள் கரையேறிவிடும். வடக்கே நண்டலாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். ஆற்றைத் தாண்டினால் தரங்கம்பாடி, தமிழ்நாடு. இந்தப் பக்கம் நாங்கள், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால். காவிரியின் கடைமடையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு மூன்று மாதங்கள் வீட்டோடு அடைந்து கிடக்கும் காலம். எங்கள் பெரியப்பாவுக்கு மட்டும் அதுதான் வேலைக்காலம். திண்ணையில் சாக்கை விரித்து, உளியையும் இழைப்புளியையும் கொட்டாப்புளியையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மார்கழிவரை அந்தத் திண்ணையில் மரத்தூள் வாசம்தான்.

அவர் தொழில்முறைத் தச்சர் இல்லை, ஓவியரும் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் அப்போது எழுதிக்கொடுத்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வைத்துக்கொண்டது. மாதாமாதம் ஓய்வூதியம் வந்ததால் பெரியப்பாவுக்குச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மரமும் பெயிண்டும் அவருக்கு ஆசை. அந்த ஆசைக்கு உதவியாளாகத்தான் என் பள்ளிக்கூட வயதின் மழைக்காலங்கள் கழிந்தன. அதே குடியுரிமை என்னைப் பாரிஸின் புறநகர் ஒன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இங்கும் மரவேலை செய்கிறேன். ஆனால் பூவத்தில் விட்டுவந்த ஒன்று கைக்கு அகப்படவே இல்லை. அது என்னவென்று எனக்கே தெளிவாகச் சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

மரத்தில் இருந்து தொடங்குகிறேன். பெரியப்பா மரம் விலைக்கு வாங்கியதில்லை, நின்ற மரத்தை வெட்டியதும் இல்லை. புயல் சாய்த்ததைத்தான் எடுத்தார். 1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலை எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்னும் பயத்தோடுதான் பேசுவார்கள். அதில் விழுந்த பூவரசுகளைத் துண்டு போட்டுக் குளத்தில் அமிழ்த்திவைத்திருந்தார். தண்ணீரில் ஊறினால் மரத்தில் உள்ள பால் வெளியேறும், வண்டு அரிக்காது என்பது டெல்டாவில் தெரிந்த சங்கதி. பிறகு வெளியே எடுத்து, பலகையாக அறுத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குச்சி கொடுத்து, காற்றோட்டமாகக் கொட்டகையில் அடுக்குவார். வெயில் நேராகப் படக் கூடாது. பலகையின் இரண்டு முனையிலும் பழைய பெயிண்டைப் பூசுவார். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், அதை அடைத்தால் வெடிப்பு விழாது. நான் பொறுமை இல்லாமல் கேட்டால் ஒரே பதில்தான். “மரத்த அவசரப்படுத்தாத தம்பி. அது தண்ணிய விட்டாதான் நம்ம சொன்னபடி கேக்கும்.”

பூவரசு கடற்கரை மரம். உப்புக்காற்றுக்கு அசையாது. உள்ளே வயிரம் செம்பழுப்பாக, நெருக்கமான இழையோடு இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கைக்கு வழுவழுப்பாக நிற்கும். அதில் நடைவண்டி, பம்பரம், கிலுகிலுப்பை, சின்ன மாட்டுவண்டி, மீன்பிடிப் படகு எல்லாம் செய்தார். நடைவண்டிச் சக்கரத்துக்குக் கிளையை வட்டமாகச் சீவி எடுக்க விடமாட்டார். நடுவில் குருத்து இருக்கிற வட்டு காயும்போது வாய்பிளக்கும். பலகையில் கவராயத்தால் வட்டம் போட்டுத்தான் அறுக்க வேண்டும். கைப்பிடியை அடிச்சட்டத்தில் பொருத்த ஆணியும் கிடையாது. முளையை மட்டும் தனியாகச் செய்து அடுப்பங்கரைப் பரணில் போட்டுவைப்போம். வெளியே அடைமழை கொட்டினாலும் அங்கே அடுப்புச் சூட்டில் அது எலும்பாகக் காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த முளையை, இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிற சட்டத்தின் துளையில் அடித்து இறக்குவார். நாளாக ஆக முளை காற்றின் ஈரத்தில் கொஞ்சம் பருக்கும், சட்டம் காய்ந்து சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் யார் பிடுங்கினாலும் வராது. மழைக்காலத்தின் ஈரத்தையே கருவியாக்கிய அந்த வேலை பெரியப்பா எனக்குக் கொடுத்த பெரிய சொத்து.

பெயிண்டு வேலை ஐப்பசியில் ஆகாது. எனாமல் உலராமல் பிசுபிசுக்கும், வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். மார்கழி பிறந்து மழை விட்டபிறகு, காலைப் பனி விலகி மண் காய்ந்த நேரத்தில்தான் டப்பாவைத் திறப்போம். படகுக்கு அடித்தது போக மிஞ்சிய சிவப்பு, மஞ்சள், நீலம் காளிக்குப்பத்தில் இருந்து வரும். சக்கரத்தில் தாமரை இதழ், சட்டத்தில் கிளி, படகில் வரிகள். நடைவண்டியின் கைப்பிடிக்கு மட்டும் வண்ணம் கிடையாது. “புள்ள வாய வைக்கிற எடம். அங்க பெயிண்டு வேணாம்” என்று ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து விட்டுவிடுவார். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதியை இந்தியா 2016இல் கொண்டுவந்து, 2017 நவம்பரில் இருந்து நடைமுறைப்படுத்தியது. எந்த விதியும் இல்லாத காலத்தில் பிள்ளையின் வாயை நினைத்துப் பார்த்த மனுஷர் அவர்.

மிச்ச நேரத்தில் படம் வரைவார். பெட்டிப் பலகைகளில் நண்டலாற்று முகத்துவாரம், பனைவரிசை, டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டை. அவை விலை போகாது. கடைக்குப் பின்னால் மாட்டினால் ஆட்களை நிறுத்தும், அவ்வளவுதான். அதற்காகவே வருஷா வருஷம் புதுப்படம் வரைந்தார்.

கடை என்றால் தார்ப்பாயும் நாலு கம்பும். தை, மாசியில் அறுவடைக் காசு கையில் புழங்கும்போது காரைக்காலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போடுவோம். ஆவணியில் வேளாங்கண்ணி நடைபயணக்காரர்கள் காவி உடுத்தி எங்கள் ஊர் வழியாகவே போவார்கள். மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு சென்னையில் இருந்தே நடந்து வருகிறவர்கள். பூவத்துக்கு வருவதற்குள் தேரின் சக்கரம் ஏதாவது ஒன்று உயிரை விட்டிருக்கும். பெரியப்பா மோர் கொடுத்து உட்காரவைத்து, நடைவண்டிச் சக்கரத்தையே அளவு பார்த்து மாட்டி அனுப்புவார். அதற்குக் காசு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

எங்களுக்குப் பெருநாள் ஆனிப் பௌர்ணமியை ஒட்டிவரும் மாங்கனித் திருவிழா. அறுபத்துமூவரில் ஒருவரான காரைக்கால் அம்மையாரின் கதையே அங்கே விழாவாக நடக்கிறது. பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளில் இருந்தும் கூரைகளில் இருந்தும் ஜனங்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். பிடித்த பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையோடு எங்கெங்கிருந்தோ தம்பதிகள் வருவார்கள். பாரதியார் வீதியின் ஓரத்தில் வளையல்கடைக்கும் பொரிக்கடைக்கும் நடுவில் எங்கள் தார்ப்பாய். மடியில் மாங்கனியோடு வருகிற பெண்கள் நடைவண்டியைத் தொட்டு உருட்டிப் பார்ப்பார்கள். கேட்டாலும் பெரியப்பா விற்கமாட்டார். “பொறந்தப்பறம் வாங்க தாயி, எடுத்து வெச்சிருக்கேன்.” அப்படிப் போனவர்களில் பின்னொரு ஆனியில் கைக்குழந்தையோடு எங்கள் கடையைத் தேடிவந்தவர்கள் உண்டு. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பேரம் பேசக்கூட மறந்துவிடுவார்.

மற்ற நேரத்தில் பேரம் உண்டு, கண்டிப்பான பேரம். “இது என்ன மரம் அண்ணே?” என்பார்கள். ஆட்டிப் பார்ப்பார்கள். சக்கரம் ஒரு பக்கம் இழுத்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஒரு குழந்தை இறக்கிவிட்டதும் பிடித்துக்கொண்டு நடந்தால் பேச்சு முடிந்தது. அழுதால் அந்த வண்டியில் ஏதோ கோளாறு, கைப்பிடி உயரமோ, பளுவோ. மறுவருஷ மழையில் அதைத் திருத்துவோம். எங்கள் பட்டறைக்குப் புத்தி சொன்னது அந்தத் தெருதான்.

இப்போது நான் இருக்கும் நாட்டுக்கும் மழைக்கு ஈடாக ஒரு குளிர் இருக்கிறது. பிரான்ஸின் கிழக்கே ஜூரா மலையில் பனி பாதையை மூடிவிடும் மாதங்களில் விவசாயிகள் வீட்டுக்குள் உட்கார்ந்து மரம் கடைந்தார்கள். அந்தக் குளிர்கால வேலையில் இருந்துதான் சான்-க்ளோத் ஊரின் புகைக்குழாய்களும் முவரான்-ஆன்-மொந்தாஞ் ஊரின் மர பொம்மைகளும் வளர்ந்தன. முவரானில் இன்று பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பற்றி அறிந்தபோது பெரியப்பாவின் திண்ணைக்கு உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு சொந்தம் கிடைத்ததாகச் சந்தோஷப்பட்டேன். வெளியே போக முடியாத காலம் எங்கே இருந்தாலும் கைவேலையை வளர்த்துவிடும்போலும்.

அந்தத் தைரியத்தில் நானும் கட்டடத்தின் நிலவறையில் பட்டறை போட்டேன். பூவரசுக்குப் பதில் பீச் மரம். முளையை அறையின் ஹீட்டர் மேல் வைத்துக் காயவைக்கிறேன். முளை பிடிக்கிறது, வண்ணம் ஒரே ராத்திரியில் உலர்கிறது. குளிர்காலம் முடிவதற்குள் அழகான வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. வசந்தம் வந்ததும் இங்கே தெருக்களில் வித்-கிரேனியே என்ற சந்தைகள் கூடும். வீட்டுப் பரணைக் காலிசெய்கிறவர்கள் நடைபாதையில் துணி விரித்து விற்பார்கள். ஆனால் வியாபாரப் பதிவு இல்லாதவர் அங்கே தாம் பயன்படுத்திய பழைய பொருளை மட்டும், அதுவும் ஆண்டுக்கு 2 முறைதான் விற்கலாம். புதிதாகச் செய்த பொம்மை என்றால் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளின்படி சிஇ முத்திரையும் வேண்டும். குழந்தையைக் காக்கும் விதிகள், அவற்றை மதிக்கிறேன். இந்தியாவும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. பொழுதுபோக்காகச் செய்கிறவர் தெருவில் வந்து உட்கார்வது எங்குமே முன்போல் எளிதில்லை.

ஆகஸ்டு கடைசியில் பாரிஸின் லா ஷப்பலில் மாணிக்க விநாயகர் தேர் ஓடும். 1985இல் தொடங்கிய கோயில். தெருவெல்லாம் சிதறுகாய், காவடி, நடைபாதை நெடுக நம் முகங்கள். ஒரு வருஷம் நான் செய்த நடைவண்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கூட்டத்துக்குள் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். “இது எங்கட ஊர்லயும் இருந்தது தம்பி. எங்கட பிள்ளையளும் இப்பிடித்தான் நடை பழகினது” என்றார். அவருடைய பேரனுக்கே கொடுத்துவிட்டேன். கொடுத்ததில் மனம் நிறைந்தது. இருந்தாலும் வீடு திரும்பும்போது ஒன்று புரிந்தது. அவர் அதை ஆட்டிப் பார்க்கவில்லை, சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்கவில்லை, விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. அன்பளிப்பில் யாரும் குறை பார்ப்பதில்லை.

நான் விட்டுவந்தது அந்தத் தெருவைத்தான். மரம் இங்கே கிடைக்கிறது, அடைபட்ட மாதங்களும் கிடைக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து எடுத்து, உருட்டி, குறை சொல்லி, பிறகு மடியில் முடிந்துவைத்த காசை அவிழ்த்துக் கொடுக்கிற அந்த நிமிஷம் கிடைக்கவில்லை. ஐப்பசியில் தொடங்கிய வேலை அந்த நிமிஷத்தில்தான் முடியும். இங்கே நான் செய்தவை எல்லாம் பாதியில் நிற்பதாகவே எனக்குப் படுகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது எங்கள் கொல்லைப் பூவரசும் விழுந்தது. தொலைபேசியில் சொன்னார்கள். நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள் அது விறகாகிவிட்டிருந்தது. ஊறப்போட்ட குளமும் தூர்ந்து கிடக்கிறதாம். பெரியப்பா இல்லை. அந்த மரத்தை எப்படிக் காயவைப்பது என்று தெரிந்தவன் ஊரில் இல்லை, தெரிந்த நான் இங்கே இருக்கிறேன். இந்த ஒரு எண்ணம் என்னை இன்னும் உறங்கவிடுவதில்லை.

மாங்கனிக்கோ, கந்தூரிக்கோ, உங்கள் ஊர்த் தேருக்கோ போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தார்ப்பாய்க்கு அடியில் யாராவது தானே செய்த மரச்சாமானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கடந்து போகாதீர்கள். என்ன மரம் என்று கேளுங்கள். ஆட்டிப் பாருங்கள், உருட்டிப் பாருங்கள், குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், விலையும் பேசுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர் மறுபடி உளியை எடுக்க அந்தப் பேச்சு போதும்.