இராணியின் காலாள்

சதுரங்கப் பலகையில் அரசனுக்கு முன்னுள்ள காலாள் இரண்டு கட்டம் முன்னேறினால் காவலின்றி நிற்கும். இராணிக்கு முன்னுள்ள காலாளோ அவ்வாறு முன்னேறிய பின்னரும் அவளது பாதுகாப்பிலேயே நிற்கும். அவசரமின்றி இடத்தைத் தமதாக்கிக் கொள்ளும் ஆட்டக்காரர் பலர் இத்தொடக்கத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். பழைய இந்திய ஆட்டத்தில் மந்திரியாயிருந்து, மூலைவாட்டில் ஒரு கட்டமே நகர்ந்த காய், ஐரோப்பாவில் இராணியாகி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பலகை முழுவதையும் ஆளும் வலிமை பெற்றது. ஆயினும், பலகையின் மேல் இராணி பெற்ற இடம், பலகையின் முன் அமர விரும்பிய பெண்ணுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை.

அவ்விடத்தை ஆடிப் பெற்றவர் வேரா மென்சிக். 1906இல் மொஸ்கோவிற் பிறந்து, 1921இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரை அடைந்த அவர், ஹங்கேரிய வல்லுநர் மரோட்சியிடம் பயின்றார். 1927இல் இலண்டனில் நடைபெற்ற முதலாவது பெண்கள் உலகப் போட்டியில் 11 ஆட்டங்களில் 10½ புள்ளிகள் பெற்று வாகை சூடினார்.

1929இல் கார்ல்ஸ்பாட் நகரிற் கூடிய 22 ஆட்டக்காரருள் அவர் ஒருவரே பெண். அவரிடம் தோற்பவரெல்லாம் ‘வேரா மென்சிக் கழகத்தின்’ அங்கத்தவராகட்டும் என்று வியன்னாவின் அல்பேர்ட் பெக்கர் நகையாடினார் என்பர். வெள்ளைக் காய்களுடன் அவரை எதிர்கொண்ட வேரா, இராணியின் காலாளையே முதலில் நகர்த்தினார். பெக்கரின் குதிரை மையத்திற் பாய்ந்தது. இராணியும் வெள்ளை அரசனின் பக்கத்தை நோக்கி விரைந்தது. வேரா பதறவில்லை. அக்குதிரையை வெட்டுண்ணச் செய்தார். சற்றுப் பின்னர் கறுப்பு இராணி தான் புறப்பட்ட கட்டத்துக்கே மீண்டது. நீண்ட ஆட்டத்தின் முடிவிற் கழகத்தின் முதல் அங்கத்தவர் பெக்கரே ஆனார்.

அப்போட்டியில் வேரா பெற்றவை 21 ஆட்டங்களில் 3 புள்ளிகளே. கடைசி இடமே அவருக்குக் கிடைத்தது. இதனை மறைத்து அவரைப் புகழ்வது அவருக்குப் பெருமை தருவதாகாது. தோல்விகளுக்கிடையிலும் மறுநாள் பலகையின் முன் அமர்ந்த உறுதியே அவ்வெற்றிக்கு மதிப்பளித்தது. பின்னர், 1935இல் உலக வாகையரான மக்ஸ் யூவேயும் அவரிடம் தோற்றவருள் ஒருவரானார்.

1944 ஜூனில் இலண்டனில் வீழ்ந்த ஜேர்மானியப் பறக்குங் குண்டு வேராவையும், தாயையும், தங்கை ஒல்காவையும் ஒருசேரப் பலிகொண்டது. அப்போதும் பெண்கள் உலகப் பட்டம் அவரிடமே இருந்தது. பெண்கள் சதுரங்க ஒலிம்பியாட்டின் வெற்றிக் கிண்ணம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நகையாடலாகத் தொடங்கிய கழகம் மறைந்தது. அப்பெயரோ பெண்கள் போட்டியிட்டு வெல்லும் பெருமையாய் நிலைத்துவிட்டது.