உறைந்த ஏரியில் தூண்டில்

தூண்டிற்காரர்கள் முதலில் மீனைப் பற்றித்தானே விசாரிப்பார்கள்? கனடா தேசத்தில், டொராண்டோ நகருக்கு வடக்கேயுள்ள ஸிம்கோ ஏரிக்கரையில் அப்படியல்ல. "இன்று எத்தனை அங்குலம்?" என்கிறார்கள். கேட்பது மீனின் நீளமன்று. ஏரிமேல் உறைந்த பனிக்கட்டியின் கனம்.

தெளிந்து கறுத்த கட்டி நான்கு அங்குலமிருந்தால் ஆள் நடக்கலாமாம். பால்போல் வெளுத்ததற்கோ பலம் பாதிதான். வெளுத்ததெல்லாம் உறுதி என்றெண்ணிய நமக்கு இது விசித்திரமாயிருந்தது! மேலே கிடக்கும் பனித்தூளும் கம்பளிபோல் குளிரைத் தடுத்து, கட்டியைக் கனக்கவிடாது. ஆகவே நம்மை அழைத்துச் சென்ற நண்பர் கடப்பாரையால் தட்டித் தட்டியே அடியெடுத்து வைத்தார். அவர் கழுத்தில் இரண்டு கூராணிகள் தொங்கின. உள்ளே விழுந்தால் விளிம்பில் குத்தி ஏறுவதற்காம். அதைக் கேட்டபின் நம் நடை இன்னும் மெதுவாயிற்று.

நான்கு டிகிரி சென்டிகிரேடில்தான் நீருக்குப் பளு அதிகம். அந்த நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்தது மேலே மிதந்து உறைகிறது. குளிரில் மந்தித்த மீன்கள் இரையைத் துரத்துவதில்லை. துளையிட்டு, தூண்டிலை ஏரியின் அடிவரை இறக்கி, ஒரு சாண் தூக்கி, லேசாக ஆட்டிவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். அந்தச் சும்மா இருக்கும் வேளையில்தான் 'பெர்ச்' மீன் கவ்வும். கவ்வாவிட்டால் வேறு துளை.

ஐந்தாவது துளையில் நமக்குச் சாண் நீளத்தில் ஒன்று அகப்பட்டது. இன்னொன்றுக்கு ஆசைதான். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. கரைப்பக்கம் புதிதாய் ஒரு விரிசல் தெரிந்தது. நண்பர் ஒன்றும் பேசாமல் கடப்பாரையைக் கையிலெடுத்தார்.