தாளில் இல்லாத இசை

செப்டம்பர் 15-ஆம் நாள் வியாகுல அன்னையின் திருநாள். அதற்கு முன்வரும் ஒன்பது நாள்களும் பாம்பன் கால்வாய்க்கு அருகிலுள்ள எங்கள் கடற்கரைச் சிற்றாலயத்தில் மாலைச் செபம் நடைபெறும். சென்ற ஆண்டு முதல் நாளே மின்சாரம் நின்றுபோயிற்று. அத்துடன் கீபோர்டும் ஊமையாயிற்று.

அதன் முன் அமர்ந்திருந்தவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் மகன். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது பியானோ பயின்று, இலண்டன் டிரினிடி கல்லூரியின் ஐந்தாம் தரத் தேர்வில் தேறியவன். பாக் எழுதிய சிறு இசைத்துண்டுகளைப் பிழையின்றி வாசிப்பான். மூலையில் சாக்கு மூடிக் கிடந்த பழைய ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து அவன் முன் வைத்தோம். அதற்குள் ஒரு பாட்டி, சிலுவையடியில் நின்ற தாயின் புலம்பலைப் பாடத் தொடங்கிவிட்டார். பையன் என்னைப் பார்த்தான். "நோட்டு இல்லையே, சாமி" என்றான். விரல்கள் கட்டையின்மேல் அசையாமல் இருந்தன.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; என்மேல்தான் நாணம் வந்தது. குருமடத்தில் நானும் நான்கு குரல் இசையைத் தாள் பார்த்து வாசிக்கக் கற்றவன். குருவான மூன்றாம் மாதம், கடலில் மாண்ட மகனின் உடலருகே ஒரு தாய் ஒப்பாரி வைத்தபோது, என்ன வாசிப்பது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கங்களின் சலசலப்பு இன்றும் என் காதில் கேட்கின்றது.

மேலை இசை எக்காலத்தும் தாளுக்குக் கட்டுப்பட்டு இருந்ததன்று. 1747-இல் போட்ஸ்டாம் நகரில் பிரெடரிக் மன்னர் தந்த ஒரு மெட்டை, பாக் அங்கேயே மூன்று குரல்களாக விரித்து வாசித்தார். கான்செர்ட்டோவில் 'கடென்சா' என்னும் இடத்தில், வாசிப்பவர் தம் மனத்தில் எழுந்ததை வாசிப்பதும் வழக்கமே. பெத்தோவனோ 1809-இல் உருவாக்கிய தம் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவில், அவ்விடத்தில் சொந்தமாக எதையும் சேர்க்க வேண்டாம் எனக் குறித்து, வாசிக்க வேண்டியதைத் தாமே எழுதிவைத்தார். காலப்போக்கில், எழுதியதைப் பிழையின்றி வாசிப்பதே பெருமை என்றாயிற்று. ஆலய ஆர்கன் கலைஞர்கள் பழைய பழக்கத்தைக் கைவிடவில்லை; வழிபாடு தாளுக்காகக் காத்திராது அல்லவா? பாரிஸ் மூவொரு இறைவன் ஆலயத்தில் 1931 முதல் 1992 வரை ஆர்கன் வாசித்த ஒலிவியே மெஸ்ஸியேன் அத்தகையவர். நம் நாட்டுச் சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த தாளங்களைத் தேடிப் படித்துத் தம் இசையில் கையாண்டவரும் அவரே. நாம் அவற்றை எத்தனை தூரம் மறந்தோம் என்பது வேறு கதை.

சென்னையின் அனில் சீனிவாசன் மேலை முறையில் பியானோ பயின்றவர். சிக்கில் குருசரணின் பாட்டுக்கு அவர் வாசித்ததை ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறேன். இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரம் பியானோவில் இல்லை. கமகத்திற்கு அது வளைந்து கொடுக்காது. வளையாததை வளைக்க முயலாமல், குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்பதாகவே அவ்வாசிப்பு என் செவிக்குப் பட்டது.

மறுநாள் பையனைப் பாட்டியிடம் அழைத்துச் சென்றேன். துருத்தியை இயக்க இடக்கை போய்விட்டதால், பியானோவில் பழகிய இசையில் பாதி அவனைவிட்டுப் போயிற்று. பாட்டியின் சுருதியோ இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றது. "ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு அவரைக் கேள்" என்றேன். அவனால் பொறுக்க முடியவில்லை. கற்ற சுரக்கூட்டுகளை எல்லாம் அள்ளி நிரப்பினான். பாட்டியின் குரல் அதில் மூழ்கிப்போயிற்று. ஐந்தாம் நாள் பாட்டியே சொன்னார்: "தம்பி, நான் இழுக்கையில நீயும் இழுக்காத. நான் மூச்சு வாங்கையில வா." சொல்லிவிட்டு, யாரும் கேளாமலே தம் குரலை இழையளவு இறக்கி, அவன் கட்டைக்கு வந்து சேர்ந்தார். இதை அவருக்கு எந்தக் குருமடம் கற்பித்தது?

ஒன்பதாம் நாள் அவன் இரண்டு இடங்களில் தவறினான். மகனின் உடலைத் தாய் மடியில் ஏந்தும் அடி முடிந்ததும், பாட்டி நிறுத்தினார். அந்த இடைவெளியில் அவன் ஏழெட்டுச் சுரங்கள் வாசித்தான். இறங்கி, நின்று, மறுபடி இறங்கும் ஒரு நடை. முன்வரிசையிலிருந்த பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். செபம் முடிந்தபின், அது எங்கே படித்தது என்று கேட்டேன்.

"படிக்கல, சாமி. பாட்டி மூச்சு வாங்குறதுக்கு இன்னைக்குக் கொஞ்சம் கூட நேரமாச்சு" என்றான்.