நாளும் கோடும்

ஞாயிற்றைப் புவி சுற்றிவரும் கணக்கில் ஒரு நாளுக்கு மற்றொரு நாளைவிட ஏற்றமுமில்லை, தாழ்வுமில்லை. ஆயினும் மனிதர் நாட்களை அவ்வாறே விட்டுவைப்பதில்லை. சிலவற்றை நாட்காட்டியிற் சிவப்பு மையால் அச்சிடுகின்றனர், சிலவற்றிற் கொடியேற்றுகின்றனர், சிலவற்றில் மௌனங் காக்கின்றனர். நாளும் கோளும் பார்த்துக் கருமமாற்றும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. ஆனால், ஒரு நாள் வரலாற்றில் இடம்பெறுவது கோள்களின் சஞ்சாரத்தினாலன்று. மனிதர் செய்யும் தீர்மானங்களினாலேயாம். அத்தீர்மானங்களைச் செய்வோர் யார், அவற்றின் விளைவைச் சுமப்போர் யார் என்ற வினாவை எழுப்புதற்கு ஓகஸ்ட் 15ஆம் நாள் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

இந்நாளில் நிகழ்ந்தனவெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையனவல்ல. 1769இல் கோர்சிக்காத் தீவில் நெப்போலியன் பிறந்ததும், 1914இல் பனாமாக் கால்வாய் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டதும் ஒரே திகதியில் அமைந்தமை வெறுந் தற்செயலே. இத்தகைய செய்திகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குவதனால் மட்டும் வரலாறு உருவாகிவிடாது. ஆனால், 1945, 1947, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இதே நாளில் நடந்தேறியவை அவ்வாறானவையல்ல. முதலாவது நிகழ்ச்சியை மனத்திற்கொண்டே ஏனைய இரண்டுக்கும் நாள் குறிக்கப்பட்டது.

1945 ஓகஸ்ட் 15ஆம் திகதி நண்பகலில் யப்பானிய மக்கள் தம் பேரரசரின் குரலை முதன்முறையாக வானொலியிற் கேட்டனர். அம்மாதம் 6ஆம் திகதி ஹிரோஷிமாவும் 9ஆம் திகதி நாகசாக்கியும் அணுக்குண்டுகளால் அழிக்கப்பட்டிருந்தன. பேரரசரின் உரை முதல்நாளிரவே இசைத்தட்டிற் பதிவுசெய்யப்பட்டிருந்தது. போரைத் தொடர விரும்பிய இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் அரண்மனைக்குட் புகுந்து அத்தட்டுக்களைத் தேடித் தோல்வியுற்றனர். உரையிலே ‘சரணடைதல்’ என்ற சொல் இடம்பெறவில்லை. அரசவைக்குரிய பழைய நடையில் அமைந்த அதனைக் கேட்ட பொதுமக்கள் பலருக்குப் பொருள் உடனே விளங்கவுமில்லை. தம் உயிரையும் உடைமையையும் பற்றிய முடிவு தமக்கு எட்டாத மொழியிலே அறிவிக்கப்பட, அதனைத் தலைகுனிந்து கேட்டு நின்றவர்கள் அவர்கள். அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் இச்சரணாகதியை அறிவித்தபோது வாசிங்டனில் 14ஆம் திகதி மாலை. சரணாகதிப் பத்திரம் ‘மிசூரி’ என்னும் போர்க்கப்பலிற் கைச்சாத்திடப்பட்டதோ செப்டெம்பர் 2ஆம் திகதி. ஒரே போரின் முடிவுக்கே மூன்று நாட்கள் உரிமை கோரி நிற்கின்றன.

யப்பானியர் தலைகுனிந்த அதே நாள் கொரிய மக்களுக்கு விடுதலை நாளாயிற்று. 1910ஆம் ஆண்டிலிருந்து யப்பானின் ஆட்சிக்குட்பட்டுத் தம் மொழியையும், இறுதிக் காலத்தில் தம் பெயர்களையும்கூட இழக்குமாறு நெருக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆதலின் அவர்களது மகிழ்ச்சியின் ஆழம் எளிதில் விளங்கக்கூடியதே. ஆனால், அந்நாள் விடிவதற்கு முன்னரே கொரியாவின் மேல் ஒரு கோடு கீறப்பட்டுவிட்டது. ஓகஸ்ட் 10ஆம் திகதி நள்ளிரவையொட்டி, வாசிங்டனில் இரு அமெரிக்க இராணுவ அதிகாரிகள் ஒரு நிலப்படத்தைப் பார்த்து, 38ஆம் அகலக்கோட்டைச் சோவியத் படைகளுக்கும் அமெரிக்கப் படைகளுக்குமிடையிலான எல்லையாக முன்மொழிந்தனர். சரணடையும் படைகளைப் பொறுப்பேற்பதற்கான தற்காலிக ஏற்பாடே அது. கொரியர் எவரும் அதுபற்றிக் கேட்கப்படவில்லை. 1948 ஓகஸ்ட் 15இல் தெற்கிலே கொரியக் குடியரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. அடுத்த மாதம் வடக்கிலும் ஓர் அரசு எழுந்தது. 1950 தொடக்கம் 1953 வரை நிகழ்ந்த போரின் பின்னரும் நாடு இரண்டாகவே இருக்கிறது. வடக்கும் தெற்கும் இன்றும் இந்நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றன. நாள் பொதுவாயிற்று, நாடு பொதுவாகவில்லை.

இனி, இந்நாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வழியை நோக்கின், அது இலங்கையையும் தொட்டுச் செல்வதைக் காணலாம். தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைப்பீடம் 1944ஆம் ஆண்டில் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டுப் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமைந்தது. அதன் உயர் தளபதியாக விளங்கியவர் மவுண்ட்பேற்றன் பிரபு. யப்பான் பணிந்தபோது அத்தலைமைப்பீடம் அங்கேயே இருந்தது. சில ஆண்டுகளின் பின் பல்கலைக்கழக மாணவர் குடிபுகுந்த மகாவலிக் கரையின் அண்மையிலேதான், அவருடைய போர்வாழ்க்கையின் பெருவெற்றிக்கான திட்டங்கள் தீட்டப்பட்டன. அவரே 1947இல் இந்தியாவின் இறுதி அரசப் பிரதிநிதியானார். அதிகாரத்தை 1948 யூன் மாதத்துக்குள் கைமாற்றுவதென்பது பிரித்தானியப் பிரதமர் அற்லி விதித்த கெடு. மவுண்ட்பேற்றனோ யூன் 4ஆம் திகதி பத்திரிகையாளர் மாநாட்டில் ஓகஸ்ட் 15 என்றார். யப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதனாலேயே அந்நாள் தம் நினைவுக்கு வந்ததென்று அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். நாற்பது கோடி மக்களின் விதி, ஒரு தளபதியின் வெற்றி நினைவோடு பிணைக்கப்பட்டது.

சோதிடர் பலர் அந்நாள் ஆகாத நாளென்று முறையிட்டனர். அதற்கும் ஒரு வழி காணப்பட்டது: 14ஆம் திகதி இரவு பதினொரு மணிக்கு அரசியல் நிர்ணய சபை கூட, நள்ளிரவிற் சுதந்திரம் பிறந்தது. ஆனால், அந்நாளின் உண்மையான தீங்கு கோள்களில் இருக்கவில்லை, கோட்டில் இருந்தது. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் எல்லையை வகுக்கும் பொறுப்பு, இந்தியாவை முன்னர் கண்டிராத சிறில் றட்கிளிஃப் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. யூலை 8ஆம் திகதி வந்திறங்கிய அவருக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஐந்து வாரங்களே. அவருடைய தீர்ப்பு விழாவுக்கு முன்னரே ஆயத்தமாயிருந்தும், 17ஆம் திகதிவரை அது வெளியிடப்படவில்லை. இதனால், இரண்டு நாட்கள் கோடிக்கணக்கான மக்கள் தாம் எந்நாட்டவர் என்பதை அறியாமலே சுதந்திரங் கொண்டாடினர். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராயிருந்த முர்ஷிதாபாத்திற் பாகிஸ்தான் கொடி ஏற்றப்பட்டது. குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. தீர்ப்பு வெளியானதும் முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும் குல்னா பாகிஸ்தானுக்கும் உரியனவாயின. கொடிகள் இறக்கப்பட்டு மாற்றப்பட்டன. கொடியை மாற்றுதல் எளிது. வீட்டை மாற்றுதல் எளிதன்று. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர், கொல்லப்பட்டோர் இலட்சக்கணக்கினர். அவர்களிற் பெரும்பாலானோருக்கு அந்த ஓகஸ்ட் மாதம் சுதந்திரத்தின் மாதமாக அன்றி, வாசலைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு புறப்பட்ட மாதமாகவே நினைவில் நின்றது.

இந்நிலையை உணர்ந்திருந்த ஒருவர் தலைநகரின் விழாவிற் கலந்துகொள்ளவில்லை. காந்தியடிகள் கல்கத்தாவின் பெலியகாட்டாப் பகுதியில், கைவிடப்பட்டிருந்த ஒரு முஸ்லிம் இல்லத்திலே தங்கி, அந்நாளை உண்ணாநோன்பிலும் இராட்டை நூற்பதிலும் கழித்தார். புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தருக்கோ அது பிறந்த நாள்; 1872இல் அதே திகதியிற் பிறந்தவர் அவர். திருச்சிராப்பள்ளி வானொலிக்கு அவர் வழங்கிய செய்தியில் அவ்வொற்றுமையைத் தற்செயலெனக் கொள்ளாது தெய்விக அங்கீகாரமாகவே கண்டார். நாட்டின் பிரிவினையை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. தளபதிக்கு வெற்றி நினைவு, சோதிடருக்குத் தீய நாள், அடிகளுக்கு நோன்பு நாள், அரவிந்தருக்கு அருள் நாள்: திகதி ஒன்றுதான்.

கோடு ஒருமுறை கீறப்பட்டதோடு கதை முடிந்துவிடவில்லை. 1947இற் கல்கத்தாவிலே மாணவராயிருந்து பாகிஸ்தான் கோரிக்கைக்கு உழைத்த ஷேக் முஜிபுர் ரஹ்மான், 1971இல் அப்பாகிஸ்தானிலிருந்து பிரிந்த பங்களாதேஷின் தலைவரானார். 1975 ஓகஸ்ட் 15 விடியற்காலையில், டாக்காவிலிருந்த தம் இல்லத்தில், மனைவி, மூன்று புதல்வர், மருமக்கள் ஆகியோருடன் இராணுவத்தினராற் சுட்டுக் கொல்லப்பட்டார். இளைய மகனுக்கு வயது பத்து. டில்லியிற் கொடியேறும் நாள் டாக்காவில் இரத்த நாளாயிற்று. அதன் பின்னர் அந்நாளுக்கு நேர்ந்தது கூர்ந்து நோக்கத்தக்கது. 1996இல் அவருடைய மகள் ஷேக் ஹசீனா ஆட்சிக்கு வந்ததும் அது தேசிய துக்க நாளாயிற்று. 2002இல் மாற்றுக் கட்சியின் ஆட்சியில் விடுமுறை நீக்கப்பட்டது. 2008இல் நீதிமன்றத் தீர்ப்பினால் மீண்டது. 2024இல் ஹசீனா பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேறிய பின் மறுபடியும் நீக்கப்பட்டது. கொலை நிகழ்ந்த வீடு நினைவாலயமாயிருந்து, 2024இல் எரிக்கப்பட்டு, 2025இல் இடிக்கப்பட்டது. மாண்டவர் மாண்டவரே. எனினும், அவருக்காக அழுவதற்குரிய நாள் உண்டா இல்லையா என்பதை ஒவ்வோர் ஆட்சியும் புதிதாகத் தீர்மானிக்கிறது.

இவற்றைக் கண்டு, நினைவு நாட்களெல்லாம் ஆளுவோரின் சூழ்ச்சியே எனக் கொள்வது நேரிய முடிவாகாது. 1945இற் சியோல் நகர வீதியில் ஆர்ப்பரித்த கொரியனின் மகிழ்ச்சி பொய்யன்று. 1947இல் டில்லிக்கு நடந்து வந்து கொடியைக் கண்ட உழவனின் கண்ணீரும் பொய்யன்று. நாளைக் குறித்தவர் எவராயினும், அதற்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்களே. பிழையான கொடியின் கீழ் மூன்று நாட்கள் நின்ற வங்கத்து நதியா மாவட்டத்தின் சில ஊர்களில், 18ஆம் திகதியும் மக்கள் கொடியேற்றுகின்றனர். அரசின் நாட்காட்டி மறந்ததை ஊரின் நாட்காட்டி மறக்கவில்லை.

தேர்வு மண்டபத்திலே திகதிகள் விடைகளாக எழுதப்படுகின்றன. சரியான திகதிக்குப் புள்ளியும் கிடைக்கிறது. ஆனால், வரலாறு கற்போனுக்குத் திகதி ஒரு வினாவின் தொடக்கமாதல் வேண்டும். இந்நாளைக் குறித்தவர் யார்? அதே நாளில் எவர் வீட்டின் நடுவே கோடு சென்றது? கொடி ஏறுவதைப் பார்த்து நிற்பவன், அக்கொடிமரத்தின் நிழல் விழுந்த பக்கத்தையும் திரும்பிப் பார்ப்பானாயின், அந்நாளுக்குச் செய்யத்தக்க மரியாதையை அவன் செய்தவனாவான்.