சாமுராயும் அரிசி வியாபாரியும்

ஒலுவில் துறைமுகத்துக் கல்லணையில் உட்கார்ந்துதான் அந்தச் சிவப்பு மெழுகுதிரிகளைப் பார்த்தேன். கைத்தொலைபேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மனைவியின் மாலையை ஈடுவைத்த பணம் அது. அவளுக்கு அப்போது தெரியாது.

எனக்குப் பங்கு வியாபாரம் படிப்பித்தவர், ஒவ்வொரு வகுப்பையும் வாளேந்திய சாமுராயின் படத்தோடுதான் தொடங்குவார். சந்தை போர்க்களம், வியாபாரி வீரன், பயந்தவன் தோற்பான். நான் பயப்படவில்லை. விலை இறங்க இறங்க வாங்கினேன்.

பணம் போன பிறகுதான் அந்த ஜப்பானியக் கதையைத் தேடி வாசித்தேன். மெழுகுதிரியின் உடல், தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்டது. மேலும் கீழும் நீளும் திரி, அன்றைய உச்சமும் அடியும். இதன் தந்தையாகச் சொல்லப்படுபவர் முனேஹிசா ஹொம்மா (1724-1803). இன்றுள்ள வடிவம் அவருக்குப் பின், மெய்ஜி காலத்தில் உருவாகியிருக்கலாம் என்போரும் உண்டு. எப்படியோ, அவர் போர்வீரர் குலத்தவரல்லர். சகாட்டா என்ற ஆற்றுமுகத் துறைமுகத்தின் அரிசி வியாபாரி. வயலும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நமக்கு அந்த ஊர் அந்நியமில்லை.

ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தையை 1730இல் ஷோகுன் அரசு அங்கீகரித்தது. அங்கே கண்ணில் காணாத அரிசியும் கணக்கில் கைமாறியது. (கையில் இல்லாததை விற்கலாமா என்று நமது மௌலவிமார் கேட்பார்கள். அந்தக் கேள்வியையும் நான் பிந்தித்தான் கேட்டேன்.)

சாமுராய் அங்கே யார்? சம்பளத்தை அரிசியாகப் பெற்று, காசுக்காக அதை விற்றவன். அரிசி விலை விழுந்தால் அவன் வருமானமும் விழும். வாளை இடுப்பில் செருகியபடியே வணிகர்களிடம் கடன்பட்டு நின்றவர்கள் எத்தனையோ பேர். என் ஆசிரியர் காட்டிய படம் ஒருவகையில் சரியானதுதான், அவருக்கே தெரியாமல்.

அன்று கல்லணையில் என் பக்கத்தில் ஒரு மீனவக் காக்கா இருந்தார். 2013இல் திறந்த இத்துறைமுகத்தின் வாயை மணல் அடைத்து, படகுகள் வெளியேற முடியாமல் நின்ற காலங்களைப் பார்த்தவர். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குப் போகல்லையா காக்கா?"

"கடல் அடிக்குது தம்பி."

"பயமா?"

"பயந்தான். புள்ளைகள் இரிக்கி."

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. நெடுநேரம் கழித்துக் கேட்டாள்: "ஈட்டுத் துண்டு எங்க? தவணை எப்ப முடியிது?"