பொட்டிக்குள்ள ரெண்டு கடிகாரம்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னைக்கு கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பயந்து ஓடிடாதீங்க, பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதப் போறேன். புரியலைன்னா பின்னூட்டத்துல திட்டிக்கலாம் :-)

முதல்ல ஒரு கேள்வி. உங்க கம்ப்யூட்டர் ஓரத்துல மணி காட்டுதே, அது எவ்வளவு தூரம் சரி?

உள்ள இருக்கறது ஒரு சின்ன குவார்ட்ஸ் துண்டு. அது பத்து லட்சத்துல ஒரு பங்கு தப்பினாலே, ஒரு நாளைக்கு 86 மில்லிசெகண்ட் தள்ளிப் போயிடும். சாதாரண பொட்டியில இருக்கறது இதைவிட பல மடங்கு தப்பும். அதனாலதான் நெட்வொர்க் வழியா அடிக்கடி மணி கேட்டுத் திருத்திக்குது. இதுக்கான என்.டி.பி முறையை 1985லயே டேவிட் மில்ஸ்ங்கற மனுஷர் எழுதி வச்சிட்டாரு. மெயில் பாக்க, படம் பாக்க, இந்த மாதிரி பதிவு எழுத அது தாராளமா போதும்.

சில வேலைக்குப் போதாது. செல்போன் டவர்கள் பலதுக்கு ஒண்ணுக்கொண்ணு மைக்ரோசெகண்ட் கணக்குல ஒத்துப்போகணும். ஐரோப்பாவுல 2018 ஜனவரில இருந்து, அதிவேக பங்கு வர்த்தகம் பண்றவங்க கடிகாரம் 100 மைக்ரோசெகண்டுக்கு மேல விலகக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. இதுக்கெல்லாம் பி.டி.பின்னு இன்னொரு முறை. ஐ.ட்ரிபிள்.ஈ 1588ங்கறது அதோட தர எண். 2002ல முதல் பதிப்பு, அப்புறம் 2008, 2019.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தபால் முத்திரை மாதிரி யோசிங்க. நீங்க லெட்டர் எழுதி முடிச்சதும் வீட்லயே தேதி போட்டுடறீங்க. ஆனா அது மேஜையில எவ்வளவு நேரம் கிடந்துச்சு, எப்போ பெட்டியில விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? போஸ்ட் ஆபீஸ் முத்திரைதான் நிஜம். பி.டி.பியில அந்த முத்திரையை நெட்வொர்க் கார்டே குத்தும், பாக்கெட் வயருக்குள்ள போற அந்தக் கணத்துல. அதுக்காக கார்டுக்குள்ள தனியா ஒரு கடிகாரம் இருக்கு. ஆக ஒரே பொட்டிக்குள்ள ரெண்டு கடிகாரம். கார்டோடது ஒண்ணு, சிஸ்டத்தோடது ஒண்ணு.

லினக்ஸ்ல இதுக்கு ரெண்டு ஆளுங்க. பிடிபி4எல் வெளிய இருக்கற மாஸ்டரைப் பாத்து கார்டு கடிகாரத்தைத் திருத்துவான். பிஹெச்சி2சிஸ் அந்தக் கார்டைப் பாத்து சிஸ்டம் கடிகாரத்தைத் திருத்துவான். நடுவுல உக்காந்திருக்கறது டிரைவர். எங்க வில்லங்கம் ஆரம்பிச்சது அங்கதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்க லேப்ல ஒரு வால்வ் டெஸ்ட். முதல் பொட்டி கட்டளை அனுப்பும், ரெண்டாவது பொட்டி வால்வைத் திறக்கும். ரெண்டும் மணி குறிச்சு லாக் எழுதும், கடைசில சேத்துப் பாப்போம். ஒருநாள் லாக்ல, கட்டளை கிளம்பறதுக்கு 140 மில்லிசெகண்ட் முன்னாடியே வால்வ் திறந்திருக்கு! அப்புறம் இன்னும் ரெண்டு மூணு தடவை அதே கதை.

கேள்வி வர்றதுக்கு முன்னாடி பதில் வந்தா காமெடி. அழுத்தம் ஏத்தின பைப்ல வால்வ் தானா திறந்துச்சுன்னா காமெடி இல்ல. கிளையன்ட் குதிச்சாங்க. மீட்டிங்ல "ரெண்டாவது பொட்டி கோட்ல பிரச்சனை"ன்னு அரை மணி நேரத்துல தீர்ப்பாயிடுச்சு. அந்தக் கோடை எழுதினது எங்க டீம் ஜூனியர் பொண்ணு. முதல் வேலை, இன்னும் கன்ஃபர்ம் ஆகல. அவ பேரைப் போட்டு ஒரு மெயில், சிசியில பதினைஞ்சு பேர்.

"அண்ணா, எத்தனை தடவை படிச்சுப் பாத்தாலும் கட்டளை வராம அந்த வரிக்கே போக முடியாதுண்ணா. ஆனா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க"ன்னா. நானும் உக்காந்து படிச்சேன். அவ சொன்னது சரி.

கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன். உடனே ஒருத்தர் பிடிபி4எல்லை ஓடவிட்டுக் காட்டினாரு: வித்தியாசம் 40 நானோசெகண்ட். "இதைவிட சரியா இருக்க முடியுமா?" நியாயமான கேள்விதான். ஆனா அது *இப்போ* சரியா இருக்கு. நமக்கு வேண்டியது *அப்போ*.

பழைய லாக் எல்லாத்தையும் எடுத்து, சம்பவம் நடந்த நிமிஷத்துல பிஹெச்சி2சிஸ் என்ன சொன்னான்னு பாத்தேன். அதுவரைக்கும் ரெண்டிலக்க, மூணிலக்க நானோசெகண்ட். திடீர்னு கிட்டத்தட்ட 3700 கோடி! சில செகண்ட் கழிச்சு பழையபடி நல்ல பிள்ளை.

3700 கோடி நானோசெகண்டுன்னா 37 செகண்ட். இந்தத் துறையில 37ஐப் பாத்தா எழுந்து உக்காரணும். பி.டி.பி ஓடறது அணுக்கடிகார நேரத்துல. நம்ம சிஸ்டம் வச்சிருக்கறது யு.டி.சி. லீப் செகண்ட் எல்லாம் சேந்து சேந்து, 2017 ஜனவரி 1ல இருந்து ரெண்டுக்கும் 37 செகண்ட் வித்தியாசம். அப்போ யாரோ ஒரு நேரத்தை இன்னொரு நேரத்தோட இடத்துல வச்சிருக்காங்க!

கெர்னல் லாக்ல அந்த யாரோ மாட்டினாரு. நெட்வொர்க்ல சுமை ஏறினதும் கார்டோட அனுப்பும் வரிசை அப்படியே நின்னுடுது. டிரைவர் கார்டை ரீசெட் பண்ணுது. ரீசெட் பண்ணினதும் கார்டு கடிகாரத்துல என்ன மணி வைக்கறது? பக்கத்துல இருக்கற சிஸ்டம் நேரத்தை அப்படியே காப்பி அடிச்சு வச்சிடுது. அதாவது அணு நேரம் இருக்க வேண்டிய இடத்துல யு.டி.சி. கார்டு 37 செகண்ட் பின்னாடி போயிடுச்சு.

பிஹெச்சி2சிஸ்க்கு இதெல்லாம் தெரியாது. எப்பவும் 37ஐக் கழின்னு நாங்க கொடுத்த செட்டப்ல சொல்லியிருந்துச்சு, கழிச்சான். சிஸ்டம் 37 செகண்ட் வேகமா ஓடுதுன்னு நினைச்சு பிரேக் போட்டான். சில செகண்ட்ல பிடிபி4எல் மாஸ்டரைத் திரும்பப் பிடிச்சு கார்டைச் சரி பண்ண, இவனும் பிரேக்கை எடுத்துட்டான். அதுக்குள்ள சிஸ்டம் கடிகாரம் நூத்துக்கணக்கான மில்லிசெகண்ட் வரைக்கும் பின்தங்கி, மெதுவா ஊர் வந்து சேரும். சுமை ஏறறதே டெஸ்ட் நடக்கும்போதுதான். அதனால தப்பான மணி சரியா டெஸ்ட் நேரத்துல மட்டும் விழும். நாம போய்ப் பாக்கறப்போ 40 நானோசெகண்ட்!

இதைச் சொன்னா மட்டும் நம்புவாங்களா? கடிகாரமே வேண்டாம்னு ஒரு ஆசிலாஸ்கோப் கொண்டு வந்தோம். கட்டளை அனுப்பறப்போ முதல் பொட்டி சீரியல் போர்ட்ல ஒரு பின்னை உயர்த்தும், அதுல ஒரு முனை. வால்வ் வயர்ல இன்னொரு முனை. நடுவுல வேணும்னே சுமை ஏத்தி கார்டை ரீசெட் ஆக வச்சு 200 தடவை ஓட்டினோம். ஒரு தடவை கூட வால்வ் முந்தல. அதே நேரத்துல எழுதின லாக் மட்டும் முந்துச்சுன்னு சொல்லுது.

வேற கெர்னலோட வந்த புது டிரைவர்ல அந்த ரீசெட் நின்னுச்சு. பிஹெச்சி2சிஸ்ஸை தானியங்கி முறைக்கு மாத்திட்டோம். இப்போ பிடிபி4எல் மாஸ்டரை விட்டா இவனும் கையைக் கட்டிப்பான்.

பிரச்சனை தீந்ததும் ஒரு மெயில் வந்துச்சு: "காரணம்: டைம் சின்க்". ஒரே வரி, மூணு பேருக்கு. திட்டும்போது பதினைஞ்சு, தீந்தப்புறம் மூணு. நான் அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்து, ஸ்கோப் படத்தைச் சேத்து, "கோடில் பிழை இல்லை"ன்னு எழுதி எல்லாருக்கும் ரிப்ளை போட்டேன். டிரைவரைக் கண்டுபிடிச்சதைவிட அதுல திருப்தி அதிகம்.

இதே ஆணி புடுங்கறவங்களுக்கு நாலு குறிப்பு:

1. ஈத்டூல்ல டைம்ஸ்டாம்ப் பகுதியைப் பாருங்க. கார்டுக்கு சொந்த கடிகாரம் இல்லைன்னா மேல பேச்சே வேண்டாம்.

2. அனுப்பின பாக்கெட்டோட முத்திரை வரலைன்னு பிடிபி4எல் புலம்பினா, காத்திருக்கற நேரத்தைக் கூட்டிப் பாருங்க. அப்பவும் புலம்பினா டிரைவரைச் சந்தேகப்படுங்க.

3. என்.டி.பியும் பிஹெச்சி2சிஸ்ஸும் ஒரே சிஸ்டம் கடிகாரத்தைப் பிடிச்சு இழுக்க விடாதீங்க. ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதை.

4. கடிகாரம் சொல்ற வித்தியாசம், அதுவே அளந்துக்கிட்டது. போற வழியும் வர்ற வழியும் ஒரே தூரம்னு அது நம்பிக்கிட்டிருக்கு. ஃபைபர்ல ஒரு மீட்டருக்கு சுமார் 5 நானோசெகண்ட். ஒரு பக்கம் நீளமா இருந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. வெளிய இருந்து அளந்தாதான் உண்டு.

லாக்ங்கறது சாட்சி. சாட்சி சொல்றதை வச்சு ஒருத்தர் மேல பழி போடறதுக்கு முன்னாடி, சாட்சிக்கு அந்த நேரத்துல கண்ணு தெரிஞ்சுதான்னு பாத்துடுங்க சாமி.